மீட்டிங்கில் எல்லாரும் சரி என்கிறார்கள், அப்புறம் எதுவும் நடப்பதில்லை: பல பண்பாட்டு ஆட்கள் உள்ள தொண்டு நிறுவனத்தை எப்படி நடத்துவது?

மலைப்பாதை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாய் சேய் நலத்துக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் எட்டு மாதமாகப் பொறுப்பில் இருக்கிறேன். மொத்தம் 41 பேர். நான்கு தாய்மொழி, மூன்று மதம். பாதிப் பேர் நாங்கள் வேலை செய்யும் பகுதியிலேயே பிறந்தவர்கள், மீதிப் பேர் என்னைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள். இதற்கு முன்னால் நான் இருந்த இடத்தில் எல்லாரும் ஒரே மாதிரி வளர்ந்தவர்கள். மீட்டிங்கில் சண்டை போடுவோம், வெளியே வந்ததும் மறந்துவிடுவோம். இங்கே சண்டையே வருவதில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். வீடு வீடாகப் போய் கர்ப்பிணிகளைப் பார்க்கும் வேலையை மாலையிலிருந்து காலைக்கு மாற்றலாம் என்று மீட்டிங்கில் சொன்னேன். உங்கள் கருத்து என்ன என்று கேட்டேன், மனதாரத்தான் கேட்டேன். எல்லாரும் சரி என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் பதிவேட்டைப் புரட்டினால் பாதி வீடுகளுக்கு நேரே "ஆள் இல்லை" என்று எழுதியிருக்கிறது. காலையில் அந்தப் பெண்கள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள் என்பது எங்கள் களப்பணியாளர்கள் அத்தனை பேருக்கும் முன்பே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்கள் முடிவு செய்துவிட்டுத்தானே சார் கேட்டீர்கள்?" என்றார். கோபமெல்லாம் இல்லை, குழந்தைக்கு எடுத்துச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்று வாரம் எத்தனை கர்ப்பிணிகளைப் பார்க்காமல் விட்டிருக்கிறோம் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. இந்த மாதிரி இடங்களில் பொறுப்பில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எங்கே ஆரம்பிப்பது?

நதிக்கரை

மலைப்பாதை, முதலில் உங்களை நீங்களே அடித்துக்கொள்வதை நிறுத்துங்கள். அந்தப் பணியாளர் தனியாகக் கேட்டபோது உண்மையைச் சொன்னாரே, அதுவே பெரிய விஷயம். சில இடங்களில் அதற்கே இரண்டு வருடம் ஆகும்.

பதினேழு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், மூன்று நாடுகளில் இருந்திருக்கிறேன். அனுபவத்தில் கற்றுக்கொண்டது இது: "சரி" என்ற சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள் கிடையாது. சில இடங்களில் "ஒப்புக்கொள்கிறேன்" என்று பொருள், சில இடங்களில் "நீங்கள் சொன்னது காதில் விழுந்தது" என்று பொருள், இன்னும் சில இடங்களில் "பத்துப் பேர் முன்னால் உங்களைத் தலைகுனிய வைக்க எனக்கு மனமில்லை" என்று பொருள். மூன்றாவது வகை உண்மையில் உங்கள் மேல் காட்டும் மரியாதை. நீங்கள் அதை ஒத்துழையாமை என்று எடுத்துக்கொண்டால் அவர்களுக்கும் காயம், உங்களுக்கும் நஷ்டம்.

அதனால் பெரிய முடிவை மீட்டிங்கில் வைத்து முதல் தடவையாகப் பேசாதீர்கள். அதற்கு முந்தின வாரமே ஆள் ஆளாகப் போய்ப் பேசுங்கள், வண்டியில் போகும்போது, ஸ்டோரில் சாமான் எண்ணும்போது. கேட்கும் விதத்தையும் மாற்றுங்கள். "இது சரியா?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். "இதைச் செய்தால் முதலில் எங்கே சிக்கல் வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். குறை சொல்லுங்கள் என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறவர், அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். ஒன்று கவனித்திருக்கிறீர்களா, பல மொழிகளில் "கருத்து சொல்வது" என்பதே "குறை சொல்வது" என்ற மாதிரிதான் காதில் விழுகிறது.

இன்னொன்று. ஆபீஸில் எந்தப் பதவியும் இல்லாத ஒருவரிடம்தான் எல்லாரும் மனம்விட்டுப் பேசுவார்கள். டிரைவராக இருக்கலாம், கணக்கு எழுதும் அம்மாவாக இருக்கலாம். அவர் யார் என்று கண்டுபிடியுங்கள். ஆனால் அவரை உளவாளி ஆக்கிவிடாதீர்கள், அந்த ஒரு தப்புக்கு மன்னிப்பே கிடையாது.

கணிதன்

இதைப் பற்றி ஆய்வே இருக்கிறது. டச்சு ஆய்வாளர் கேர்ட் ஹாஃப்ஸ்டீட், ஐபிஎம் ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை பல நாடுகளில் எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துப் படிவங்களை வைத்து நாடுகளை ஒப்பிட்டார். அதில் ஒன்று அதிகார இடைவெளி. மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவே இருக்கும் தூரத்தை ஒரு சமூகம் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறது என்பதன் அளவு. அது அதிகமாக இருக்கும் இடத்தில் மேலதிகாரிக்கு மறுப்பு சொல்வது தப்பாகத் தெரியும். உங்கள் ஆட்கள் எந்தெந்த நாடு என்று பார்த்து அந்த அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டால் யாரிடம் எப்படிப் பேசுவது என்று முன்கூட்டியே திட்டமிடலாமே.

வேம்படி

கணிதன், உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் இந்த இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. நீங்களே சொல்கிறீர்கள், அது ஒரே ஒரு கம்பெனியின் ஊழியர்களிடம் எடுத்தது. அந்தக் காலத்தில் ஐபிஎம்மில் வேலை பார்த்தவரும் அதே நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துத் தாயும் ஒரே பண்பாடா? நாட்டுச் சராசரியைக் கொண்டுவந்து ஒரு மனிதர் நெற்றியில் ஒட்ட முடியாது, ஹாஃப்ஸ்டீடே அதைச் செய்யக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார். நான் பார்த்தவரையில் இரண்டு நாட்டுத் தலைமை அலுவலகங்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தை விட, ஒரே நாட்டில் தலைமை அலுவலகத்துக்கும் களத்துக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் பெரிது.

1998ல் மெலனி டெர்வலான், ஜான் முர்ரே-கார்சியா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் "பண்பாட்டுப் பணிவு" என்ற கருத்தை முன்வைத்தார்கள். இன்னொருவர் பண்பாட்டைப் படித்து முடித்துத் தேர்ச்சி பெற்றுவிடலாம் என்ற எண்ணமே தப்பு, எதிரே இருப்பவர்தான் அவர் வாழ்க்கைக்கு நிபுணர், நாம் கடைசி வரைக்கும் மாணவர்தான் என்பது அதன் சாரம். இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு வந்து "இவர்கள் இப்படித்தான்" என்று பேசும் தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் படிக்காமல் வந்தவர்களை விட அவர்கள்தான் அதிகம் கெடுத்தார்கள், ஏனென்றால் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள்.

கணிதன்

ஒத்துக்கொள்கிறேன். ஆரம்பக் கேள்விகளை யோசிக்க உதவும், பதிலாகாது. அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கார்முகில்

நான் பொது சுகாதாரத்தில் இருக்கிறேன். இந்த விஷயத்தில் உயிர்ச் சேதத்தோடு கற்ற பாடம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

2014ல் மேற்கு ஆப்பிரிக்காவில் கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்று நாடுகளிலும் எபோலா பரவியபோது, இறந்தவர் உடலைத் தொட்டால் தொற்று வரும் என்பதால் பாதுகாப்பு உடை அணிந்த குழுக்கள் வந்து உடலைப் பையில் போட்டு எடுத்துப் போனார்கள். மருத்துவப்படி சரிதான். ஆனால் அந்தக் குடும்பத்தின் கண்ணில் பாருங்கள். அம்மாவைக் குளிப்பாட்டவில்லை, ஒரு பிரார்த்தனை இல்லை, எங்கே புதைத்தார்கள் என்றுகூடத் தெரியாது. என்ன ஆனது? நோயாளிகளையும் உடல்களையும் ஒளித்து வைத்தார்கள், இரவில் ரகசியமாகப் புதைத்தார்கள், தொற்று இன்னும் பரவியது. புதிய தொற்றுகளில் குறைந்தது 20 சதவீதம் அடக்கத்தின்போது வருகிறது என்று உலக சுகாதார நிறுவனமே அப்போது சொன்னது.

அதே வருடம் நவம்பரில் புதிய நெறிமுறை வந்தது. மானுடவியலாளர்களையும் இஸ்லாமிய, கிறிஸ்தவ அமைப்புகளையும் உட்கார வைத்துப் பேசி எழுதினார்கள். "பாதுகாப்பான அடக்கம்" என்பதோடு "கண்ணியமான" என்ற சொல்லும் சேர்ந்தது. உடலைத் தொடக் கூடாது என்பதில் இம்மி அளவும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் நீரில் கழுவும் சடங்குக்கு மாற்று, குடும்பத்தாரும் மதகுருவும் கூட இருப்பது, பிரார்த்தனைக்கு நேரம், கல்லறையில் பெயர், இதெல்லாம் உள்ளே வந்தது.

மலைப்பாதை, உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், முதல் விதியை எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. "ஏன் இவர்கள் எதிர்க்கிறார்கள்?" என்று கேட்டார்கள். கேட்க வேண்டியிருந்தது "நம் விதியில் எந்தப் பகுதி உண்மையிலேயே உயிரைக் காக்கிறது, எந்தப் பகுதி நம் வசதிக்காகச் சேர்ந்தது?" என்று. உங்கள் அலுவலக விதிகளையும் இதே கேள்வியோடு ஒரு தடவை எடுத்துப் படித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் வசதிக்காகத்தான் இருக்கும்.

பனித்துளி

எல்லாரும் நல்லதைத்தான் சொல்கிறீர்கள். ஆனால் எனக்கு உள்ளே ஒரு கோபம் இருக்கிறது, அதை இங்கே வைக்கிறேன்.

நான் "உள்ளூர்க்காரி". அதாவது வெளியிலிருந்து வந்த தலைவர்கள் மதித்து நடக்க வேண்டிய அந்தப் "பண்பாடு" என்னுடையது. நான் வேலை பார்த்த ஒரு அமைப்பில் உதவிப் பொருள் யாருக்குப் போக வேண்டும் என்ற பட்டியலைப் பெரியவர்கள் சிலர் மட்டும் உட்கார்ந்து போட்டார்கள். பெண்கள் யாரும் இல்லை. கணவன் இல்லாத பெண்கள் பட்டியலிலேயே வரவில்லை. நாங்கள் இரண்டு பெண் பணியாளர்கள் போய் எங்கள் தலைவரிடம் சொன்னோம். அவர் நல்ல மனிதர், வெளிநாட்டவர், நிறையப் படித்தவர். "இது இவர்கள் பண்பாடு, நாம் தலையிடுவது சரியில்லை" என்றார். எங்களிடமே சொன்னார்! நாங்கள் யார், அந்தப் பண்பாட்டில் இல்லாதவர்களா? எங்கள் பாட்டிமார் வெளியூரிலிருந்து வந்தவர்களா?

பண்பாடு என்று யார் வந்து சொன்னாலும், அதைச் சொல்கிறவருக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். அந்த அறையில் இல்லாதவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். மரியாதை காட்டுகிறேன் என்ற பெயரில் பலமுள்ளவன் பக்கம் போய் நின்றுவிடாதீர்கள். ஒரு ஊருக்குள் ஒரு பண்பாடு இல்லை, அதைப் பற்றி அவர்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் எப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நீங்கள் போவதற்கு முன்னாலேயே அது நடந்துகொண்டிருந்தது.

நதிக்கரை

பனித்துளி, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நானும் அந்தத் தலைவர் மாதிரி ஒரு தடவை நடந்திருக்கிறேன். அப்போது அதைப் பக்குவம் என்று நினைத்தேன்.

வேம்படி

பனித்துளி சொன்னதற்குத் துணையாக ஒன்று. செஞ்சிலுவை இயக்கமும் சில பெரிய தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994ல் பேரிடர் உதவிக்காக ஒரு நடத்தை நெறி கொண்டுவந்தார்கள். பத்துக் கோட்பாடுகள். ஐந்தாவது, பண்பாட்டையும் வழக்கத்தையும் மதிப்போம் என்கிறது. எல்லாரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். ஆனால் இரண்டாவது, இனம், மதம், நாடு எதுவும் பார்க்காமல் தேவை ஒன்றை மட்டும் வைத்து உதவி தரப்படும் என்கிறது. இரண்டும் ஒரே தாளில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலில் விட்டுப்போன பெண்கள் விஷயத்தில் இரண்டாவதுதான் பேச வேண்டும், அந்தத் தலைவர் ஐந்தாவதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

நான் ஒரு இடத்தில் சேரும்போது முதல் வாரமே வளையாத விஷயங்களைச் சொல்லிவிடுவேன். ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும். குழந்தைகளுக்கு ஆபத்து, உதவிக்குப் பதிலாக உடலையோ பணத்தையோ கேட்பது, தேவை உள்ளவரை ஆள் பார்த்து ஒதுக்குவது. இதில் பேச்சே கிடையாது. மீதி எல்லாம், விடுமுறை, உடை, யார் முதலில் பேசுவது, எந்த நேரத்தில் மீட்டிங், பேசி முடிவு செய்யலாம். பட்டியல் நீளமாகப் போனால் யாரும் நம்ப மாட்டார்கள். சொந்தக்காரரை வேலைக்கு எடுப்பது மாதிரி நடுவில் நிற்கும் விஷயங்கள்தான் கடினம். அங்கே நான் "கூடாது" என்று சொல்வதில்லை, எடுக்கும் முடிவில் அந்தச் சொந்தக்காரர் உட்காரக் கூடாது என்று மட்டும் சொல்வேன்.

தெற்குக்காற்று

யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன்: சம்பளம்.

பண்பாட்டுப் பயிற்சி எத்தனை வேண்டுமானாலும் கொடுங்கள். வெளியிலிருந்து வந்தவருக்கு ஒரு சம்பளம், வீடு, வண்டி, ஆபத்து வந்தால் முதலில் கிளம்பும் வசதி. அதே வேலையை அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் உள்ளூர் ஆளுக்கு அதில் ஒரு பங்குகூட இல்லை. இதை வைத்துக்கொண்டு "மனம்திறந்து பேசுங்கள்" என்றால் யார் பேசுவார்கள்? அவர் அமைதியாக இருப்பதற்குப் பண்பாடு காரணம் இல்லை, வேலை போய்விடும் என்ற பயம்தான் காரணம்.

பெரிய அளவிலும் இதே கதைதான். 2016ல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான மாநாட்டில் பெரிய நன்கொடை நாடுகளும் அமைப்புகளும் ஒரு உடன்பாடு செய்துகொண்டார்கள். 2020க்குள் மனிதாபிமான நிதியில் குறைந்தது 25 சதவீதம் முடிந்தவரை நேரடியாக உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குப் போக வேண்டும் என்று. அந்த இலக்கை எட்டவில்லை, பக்கத்தில்கூடப் போகவில்லை. பணத்தைக் கையில் வைத்திருப்பவர் "நாம் எல்லாரும் சமம்" என்று சொல்வது எதிரே இருப்பவருக்கு எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள்.

மலைப்பாதை, சம்பள அமைப்பை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் அது தெரியாத மாதிரி நடிக்காதீர்கள். எது உங்கள் கையில் இல்லை, எதற்காக மேலே எழுதியிருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அது ஒன்றுக்கே அவர்கள் உங்களை நம்ப ஆரம்பிப்பார்கள்.

கார்முகில்

தெற்குக்காற்று சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நாம் பண்பாடு என்று பெயர் வைப்பது பல சமயம் ஞாபகம். 2003ல் நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தினார்கள், பல மாதங்கள் நடக்கவில்லை, அங்கிருந்து வைரஸ் பல நாடுகளுக்குப் போனது. வெளியே எல்லாரும் "மூடநம்பிக்கை" என்றார்கள். ஆனால் அதே கானோவில் 1996ல் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஒரு வெளிநாட்டு மருந்து கம்பெனி குழந்தைகளிடம் புதிய மருந்தைச் சோதித்து, அது பெரிய சர்ச்சையாகி வழக்கு வரை போயிருந்தது. அந்தப் பெற்றோருக்கு அது ஞாபகம் இருந்தது. 2004ல் இந்தோனேசியாவில் தயாரான மருந்தைக் கொண்டுவந்த பிறகுதான் மறுபடி தொடங்கியது. நோயும் அதேதான், சொட்டு மருந்தும் அதேதான். யாரிடமிருந்து வருகிறது என்பது மட்டும் மாறியது.

புது இடத்துக்குப் போனால் "இங்கே பண்பாடு என்ன?" என்று கேட்பதை விட, "எங்களுக்கு முன்னால் இங்கே யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள்?" என்று கேளுங்கள்.

சிறுபொறி

மொழி பற்றி ஒரு சின்ன விஷயம். நான் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். மீட்டிங் எந்த மொழியில் நடக்கிறதோ அந்த மொழியில் வேகமாகப் பேசுகிறவர்தான் புத்திசாலி என்று பெயர் வாங்குகிறார், பதவி உயர்வும் அவருக்கே. களத்தை நன்றாகத் தெரிந்தவர் சொல் தேடி முடிப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். இதை வாரா வாரம் கண் முன்னால் பார்க்கிறேன், தொண்டை அடைத்துக்கொள்கிறது.

செய்யக்கூடியது ரொம்ப எளிது. பேசப் போவதை முந்தின நாளே எழுதிக் கொடுங்கள். மீட்டிங்கில் முதல் கால் மணி நேரம் அவரவர் மொழியில் சின்னச் சின்னக் குழுவாகப் பேச விடுங்கள், அப்புறம் குழுவின் கருத்தாக ஒருவர் சொல்லட்டும். "நான் நினைக்கிறேன்" என்று சொல்லத் தயங்குகிறவர் "எங்கள் குழுவில் இப்படிப் பேசினார்கள்" என்று தைரியமாகச் சொல்வார். மொழிபெயர்ப்பாளருக்கும் நடுவில் நிறுத்திக் கேட்கும் உரிமை கொடுங்கள். "இந்தச் சொல் இவர்கள் மொழியில் வேறு மாதிரி விழும்" என்று நான் சொல்ல வந்து, நேரம் இல்லை என்று வாயை மூடிக்கொண்ட மீட்டிங்குகள் எத்தனையோ.

மலைப்பாதை

மன்னிக்கவும், ஏழு வாரம் கழித்து வருகிறேன். எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்துப் படித்தேன்.

முதலில் வீட்டு வருகையைப் பழையபடி மாலைக்கே மாற்றினேன். மாற்றும்போது எல்லார் முன்னாலும், என் முடிவு தப்பு, உங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. ஒருவர் மட்டும் கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தார், பொறுப்பில் இருப்பவர் இப்படிப் பேசியது அவருக்குப் பிடிக்கவில்லையோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

சிறுபொறி சொன்ன கால் மணி நேரக் குழுப் பேச்சு மூன்றாவது மீட்டிங்கில்தான் வேலை செய்தது. முதல் இரண்டிலும் நான்கு குழுக்களிலிருந்தும் "சரிதான்" என்றே வந்தது. மூன்றாவதில் "எங்கே சிக்கல் வரும்?" என்று கேள்வியை மாற்றினேன், ஒரு குழு பதினொரு விஷயம் எழுதிக் கொண்டுவந்தது. அதில் நான்கு எனக்குக் கனவிலும் தோன்றாதவை. ஒன்று, எங்கள் பதிவுப் படிவத்தில் "கணவர் பெயர்" என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. அதனால் சில பெண்களைப் பதிவே செய்யாமல் இரண்டு வருடமாக நோட்டில் தனியாக எழுதி, யாருக்கும் சொல்லாமல் போய்ப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பனித்துளி, உங்கள் பதிவு அப்போது அப்படியே கண் முன் வந்தது. கட்டத்தை எடுத்துவிட்டோம். அந்த நோட்டில் இருந்த 23 பெண்களும் இப்போது பதிவேட்டில் இருக்கிறார்கள்.

சம்பளம் பற்றி மேலே எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. அதையும் சொல்லிவிட்டேன்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. போன வாரம் மீட்டிங் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, முதலில் என்னிடம் "முடிவு செய்துவிட்டுத்தானே" என்று சொன்ன அதே பணியாளர் கதவருகே நின்றார். "புதன்கிழமை அந்தத் தெருவுக்குப் போக வேண்டாம் சார்" என்றார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, வியாழனுக்கு மாற்றினேன். கேட்டிருக்க வேண்டுமா?

பனித்துளி

வேண்டாம். வியாழன் போய்விட்டு வரட்டும். அவராகவே சொல்வார்.